மின் தொகுப்பில் அலைவு அடங்காதபோது: அறிகுறிகளின் வழியே கோளாறு கண்டறியும் முறை

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் அனல் மின் நிலையங்கள், 400 கிலோவோல்ட் துணை மின் நிலையங்கள், தொகுப்பின் மின் பாய்வைக் கண்காணித்துக் கட்டளையிடும் லோட் டெஸ்பாட்ச் சென்டர் ஆகியவற்றில் பணிபுரியும் இளநிலைப் பொறியாளர்களுக்காக இந்தக் குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது. அலைவு என்று நான் சொல்வது, தடங்களில் பாயும் மின்திறனும் ஜெனரேட்டர்களின் வேகமும் தாளத்தோடு ஏறி இறங்குவதை. ஜெனரேட்டர்களில் அந்த அலைவை அடக்கும் பி.எஸ்.எஸ். (பவர் சிஸ்டம் ஸ்டெபிலைசர்) பொருத்தப்பட்டிருக்கிறது என்றும், தொலைவில் உள்ள பி.எம்.யு. கருவிகளிலிருந்து (மின்னழுத்தத்தின் கோணத்தையும் அதிர்வெண்ணையும் ஜி.பி.எஸ். நேரத்தோடு அளப்பவை) சிக்னல் பெற்று, மின்னழுத்தத்தைத் தாங்கும் ஒரு ஸ்டாட்காமையோ எச்.வி.டி.சி. (உயர் மின்னழுத்த நேர்மின்னோட்ட) முனையத்தையோ இயக்கும் தணிப்புக் கட்டுப்பாடு ஒன்றும் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்கிறேன். இவற்றுள் ஏதேனும் ஒன்று பழுதுபட்டாலும் மிச்சமிருப்பவை அலைவை அடக்கிவிட வேண்டும் என்பதே கோளாறு தாங்கும் வடிவமைப்பின் நோக்கம். அந்த நோக்கம் நிறைவேறாத நாளில் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பதே இங்கே பேசப்படுவது.

நம் மண்டலத்துக்கு இந்தச் சிக்கலின் ஒரு பகுதி ஒப்பீட்டளவில் புதியது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் இயக்கத்துக்கு வரும் வரை, தென் மண்டலம் மற்ற மண்டலங்களோடு ஒத்திசைவு இல்லாமல் எச்.வி.டி.சி. இணைப்புகள் வழியாகவே மின்சாரம் பரிமாறிக்கொண்டது. ஒத்திசைவு வந்த பிறகுதான் தென்னக ஜெனரேட்டர்கள் ஒரு கூட்டமாகவும் வடக்கில் உள்ளவை மற்றொரு கூட்டமாகவும் ஒன்றுக்கொன்று எதிராக மெல்ல ஆடும் நெடுந்தொலைவு அலைவுக்கு இடம் உண்டானது. எண்ணூர் பகுதியில் நிற்கும் ஒரு யூனிட்டின் பி.எஸ்.எஸ். அமைப்பு, பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள தடத்தின் ஆட்டத்தையும் பாதிக்கக் கூடியது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவும்.

எதையும் தொடுவதற்கு முன்

அலைவின் வீச்சு வளர்ந்துகொண்டிருந்தால் அது காரணம் தேடும் நேரமன்று. தடங்களில் பாயும் மெகாவாட்டைக் குறைப்பது, கழற்றி வைக்கப்பட்ட தடத்தை மீண்டும் இணைப்பது போன்ற முடிவுகளை லோட் டெஸ்பாட்ச் சென்டர் உடனே எடுக்கும். இந்த நடவடிக்கைகளுக்கும் பக்க விளைவு உண்டு என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுக்கலும் மொத்தமாக மின்சாரம் இழப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில், முதலில் 0.6 ஹெர்ட்ஸ் அளவிலும் பின்னர் 0.2 ஹெர்ட்ஸ் அளவிலும் அலைவுகள் தோன்றின. கட்டுப்பாட்டு அறையினர் ஏற்றுமதியைக் குறைத்தார்கள், தடங்களை இணைத்தார்கள், பிரான்ஸுடனான எச்.வி.டி.சி. இணைப்பின் இயக்க முறையை மாற்றினார்கள், அலைவுகள் அடங்கின. ஆனால் அதே நடவடிக்கைகள் தொகுப்பின் மின்னழுத்தத்தை மேலே தள்ளின. அன்றைய சரிவோ மின்னழுத்த உயர்வின் வழியாகவே வந்தது. ஆகவே அலைவை அடக்கும் ஒவ்வொரு கட்டளைக்கும் பக்கத்திலேயே மின்னழுத்தத் திரையும் திறந்திருக்கட்டும்.

வீச்சு வளரவில்லை என்றால், கருவிகளின் அமைப்பு எண்களில் கை வைப்பதற்கு முன் அலைவின் அதிர்வெண்ணைச் சரியாகக் கண்டுபிடியுங்கள். இங்கேதான் பலரும், நிலையங்களின் அளவீடுகளைத் திரட்டிக் காட்டும் ஸ்காடா திரையை நம்பி வழி தவறுகிறார்கள். ஸ்காடா நான்கு விநாடிக்கு ஒரு முறை அளவீடு எடுக்கிறது என்று கொள்வோம். உண்மையில் 0.3 ஹெர்ட்ஸில், அதாவது மூன்றேகால் விநாடிக்குச் சற்றே கூடுதலாக ஒரு சுற்று என்ற கணக்கில் ஆடும் தடம், அந்தத் திரையில் 0.05 ஹெர்ட்ஸில், இருபது விநாடிக்கு ஒரு சுற்றாக மிக நிதானமாக ஏறி இறங்குவது போலத் தெரியும். அந்தப் போலி அலையைப் பார்த்துவிட்டு, டர்பைனின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர்மேல் பழி போட்டு, நல்ல நிலையில் இருக்கும் டர்பைன் வால்வுகளைப் பிரித்துப் போடுவது நடக்கக் கூடியதே. நம் நாட்டில் பி.எம்.யு. கருவிகள் பொதுவாக விநாடிக்கு 25 அளவீடுகள் அனுப்புகின்றன. குறைந்தது பத்து நிமிடப் பதிவை அவற்றிலிருந்து எடுத்துப் பார்த்த பிறகே பேச்சைத் தொடங்க வேண்டும்.

அதிர்வெண் தெரிந்தால் சந்தேகப் பட்டியல் பாதியாகச் சுருங்கும். 0.1 ஹெர்ட்ஸுக்குக் கீழே என்றால் கவர்னர் பக்கம் பாருங்கள். ஏறத்தாழ 0.1 முதல் 0.8 வரை மண்டலங்களுக்கு இடையேயான ஆட்டம். 0.8 முதல் 2 வரை ஒரு நிலையமோ ஒரு யூனிட்டோ மற்றவற்றுக்கு எதிராக ஆடுவது. அதற்கு மேல் என்றால் கட்டுப்பாட்டுக் கருவிகளும் இன்வெர்ட்டர்களும். பத்து ஹெர்ட்ஸைத் தாண்டினால் டர்பைன் தண்டின் முறுக்கு அதிர்வு.

அறிகுறி: அலைவு அடங்கவும் இல்லை, வளரவும் இல்லை, ஒரே வீச்சில் நீடிக்கிறது

எந்தத் தொந்தரவும் இல்லாமல் தொடங்கி, ஒரே வீச்சில் நிமிடக் கணக்கில் நீடிக்கும் அலைவு பெரும்பாலும் வெளியிலிருந்து ஊட்டப்படுவது. எங்கோ ஒரு யூனிட்டில் ஏதோ ஒரு கருவி தாளம் தப்பாமல் தள்ளிக்கொண்டிருக்கிறது. தொகுப்பு அதற்கேற்ப ஆடுகிறது. பதிவை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் அலைமாலையில் ஒரே இடத்தில் கூர்மையான முள் தெரிவதும், அதன் இரு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வெண்களில் சிறு முட்கள் தெரிவதும் நல்ல தடயங்கள். தணிப்பு குறைந்த இயல்பான அலைவு, கொஞ்சம் அகன்ற மேடாகவே தெரியும்.

2019 ஜனவரி 11 அன்று அமெரிக்காவின் கிழக்குத் தொகுப்பு முழுவதும் 0.25 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 18 நிமிடம் ஆடியது. காரணம் புளோரிடாவில் ஒரே ஒரு நீராவி டர்பைன். அதன் கட்டுப்பாட்டுக்குச் செல்லும் மின்னழுத்த அளவீட்டின் இணைப்பு பழுதானதால், நான்கு விநாடிக்கு ஒரு முறை வால்வுகள் மூடித் திறந்தன. யூனிட்டின் உற்பத்தி 200 மெகாவாட் அளவில் ஏறி இறங்கியது. அந்தத் தாளம் தொகுப்பின் இயல்பான மண்டல அலைவோடு நெருங்கி இருந்ததால், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்த மாநிலங்களின் தடங்களிலும் ஆட்டம் தெரிந்தது. அந்தத் தொலைவான இடங்களில் இருந்த பொறியாளர்கள் தங்கள் பி.எஸ்.எஸ். அமைப்புகளை எவ்வளவு திருத்தியிருந்தாலும் மூலத்தைத் தொட்டிருக்க முடியாது.

ஆகவே இந்த அறிகுறிக்கு முதல் விதி, கட்டுப்பாட்டின் பெருக்கத்தை (கெயின்) ஏற்றாதீர்கள் என்பதே. ஊட்டும் இடத்தைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு தடத்திலும் அலைவு ஆற்றல் எந்தத் திசையில் பாய்கிறது என்பதைப் பி.எம்.யு. பதிவிலிருந்து கணக்கிட்டு, அது புறப்படும் முனையை நோக்கிப் போக வேண்டும். மிகப் பெரிய வீச்சு தெரியும் இடமே மூலம் என்று முடிவுகட்ட வேண்டாம். ஊட்டப்படும் தாளம் இயல்பான அலைவோடு ஒத்துப்போகும்போது, மூலத்தைவிடப் பெரிய ஆட்டம் வேறிடத்தில் தெரிவதுண்டு. நிலையத்துக்குள் போன பிறகு தேட வேண்டியவை இவை: ஒட்டிக்கொள்ளும் கட்டுப்பாட்டு வால்வு, தளர்ந்த அளவீட்டு இணைப்பு, இரு நிலைகளுக்கிடையே தத்தளிக்கும் பாதுகாப்புத் தர்க்கம். நீர்மின் யூனிட் என்றால், பகுதிச் சுமையில் இயங்கும்போது வெளியேற்றுக் குழாயில் உருவாகும் நீர்ச்சுழலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் தாளம் ரன்னர் (டர்பைன் சக்கரம்) சுழலும் அதிர்வெண்ணில் சுமார் ஐந்தில் ஒன்று முதல் ஐந்தில் இரண்டு வரை இருக்கும். நிமிடத்துக்கு 200 சுற்று ஓடும் எந்திரத்தில் அது 0.7 முதல் 1.3 ஹெர்ட்ஸ் வரை வரும். தொகுப்பின் அலைவு வரம்புக்குள்ளேயே விழுகிறது என்பதைக் கவனியுங்கள். அந்த யூனிட்டின் சுமையை ஏற்றியோ இறக்கியோ கரடுமுரடான பகுதியைத் தாண்டிவிட்டால் அலைவு உடனே நின்றுவிடும்.

அறிகுறி: தடம் டிரிப் ஆன பிறகு அலைவு அடங்க வழக்கத்தைவிட நேரமாகிறது

இதில் ஊட்டும் மூலம் எதுவும் இல்லை, தணிப்பு மெலிந்திருக்கிறது. எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதை, மென்பொருள் இல்லாமலே பதிவுத் தாளில் பென்சிலால் குறித்துக் கண்டுகொள்ளலாம். அடுத்தடுத்த இரு முகடுகளின் உயரத்தை அளந்து, பிந்தையதை முந்தையதால் வகுங்கள். விடை 0.73 அளவில் இருந்தால் தணிப்பு விகிதம் 5 சதவீதம், 0.83 என்றால் 3 சதவீதம். ஒவ்வொரு சுற்றிலும் சரிபாதியாகக் குறைந்தால் 11 சதவீதம். மூன்று சதவீதத்துக்குக் கீழே போனால் அன்றைக்கே மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டிய விஷயம் என்றே நான் கொள்வேன்.

இந்த அறிகுறிக்கு மிகச் சாதாரணமான காரணமே மிக அடிக்கடி வருவது: ஜெனரேட்டரின் மின்னழுத்தத்தைத் தானாகச் சீராக்கும் ஏ.வி.ஆர்., பராமரிப்புக்குப் பின் மேனுவலில் விடப்பட்டிருக்கும். ஏ.வி.ஆர். மேனுவலில் இருந்தால் பி.எஸ்.எஸ். தானாகவே செயலற்றுப் போகும்; கட்டுப்பாட்டு அறையின் பலகையிலோ பி.எஸ்.எஸ். விளக்கு எரிந்துகொண்டே இருக்கக் கூடும், ஏனெனில் பல இடங்களில் அந்த விளக்கு காட்டுவது சுவிட்சின் நிலையைத்தானே தவிர வெளியீட்டை அன்று. விளக்கை விட்டுவிட்டு, பி.எஸ்.எஸ். வெளியீட்டுச் சிக்னலையே பதிவில் பாருங்கள். தொகுப்பு ஆடும்போது அது கோடு கிழித்தது போலச் சுழியத்தில் கிடந்தால், அது வேலை செய்யவில்லை. குறிப்பிட்ட மெகாவாட்டுக்கு மேல்தான் பி.எஸ்.எஸ். விழிக்கும் என்ற அமைப்பும் இருக்கும். யூனிட் குறைந்த சுமையில் ஓடும்போது அது உறங்குவது இயல்பே என்றாலும், அந்த எல்லை எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சரிபாருங்கள். வேகம், மின்திறன் ஆகிய இரண்டு உள்ளீடுகளையும் எடுக்கும் வகையில் ஓர் உள்ளீடு மட்டும் போயிருந்தால், வெளியீடு சுழியமாகாமல் தவறான வடிவில் வரும். அதைக் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம் என்பதால் இரண்டு உள்ளீடுகளையும் தனித்தனியே பதிவு செய்து ஒப்பிட வேண்டும்.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆய்வு மாதிரியிலும் தணிப்பு நன்றாகவே வருகிறது, களத்தில் மட்டும் இல்லை என்றால் மாதிரியைச் சந்தேகியுங்கள். 1996 ஆகஸ்ட் 10 அன்று அமெரிக்காவின் மேற்குத் தொகுப்பு, கால் ஹெர்ட்ஸ் அளவிலான அலைவு வளர்ந்து துண்டு துண்டாகப் பிரிந்தது. அதே நிகழ்வை அன்றைய அதிகாரப்பூர்வ மாதிரிகளில் மீண்டும் ஓட்டியபோது, அலைவு அழகாக அடங்கிப்போனது.

அறிகுறி: தணிப்புக் கட்டுப்பாட்டை இணைத்தால் அலைவு வளர்கிறது, விலக்கினால் அடங்குகிறது

கட்டுப்பாடு தள்ளும் நேரம் தவறு. இரண்டு காரணங்களுக்கு மேல் தேட வேண்டியதில்லை: சிக்னலின் கூட்டல்-கழித்தல் குறி மாறியிருக்கிறது, அல்லது தாமதம் கூடியிருக்கிறது.

குறி மாறுவது, மின்னோட்டத்தை அளக்கும் சி.டி.யின் முனை மாறிப் பொருத்தப்படுவதால் வரலாம். இரு நிலையங்களின் கோண வேறுபாட்டை உள்ளீடாகக் கொள்ளும் கட்டுப்பாட்டில், எதிலிருந்து எதைக் கழிப்பது என்ற வரிசை மாறிப்போவதாலும் வரலாம். பி.எம்.யு. சேனல் பட்டியலைப் புதுப்பித்த மறுநாள் இந்த அறிகுறி தோன்றினால், வேறெங்கும் போகாமல் நேரே இங்கே வாருங்கள்.

தாமதம் இன்னும் நுட்பமானது. கணக்கு எளியது: அதிர்வெண்ணைத் தாமதத்தால் பெருக்கி 360 ஆல் பெருக்கினால் பின்தங்கும் கோணம் கிடைக்கும். 200 மில்லி விநாடித் தாமதம் 0.3 ஹெர்ட்ஸ் அலைவுக்கு 21.6 டிகிரிதான், சமாளிக்கலாம். 500 மில்லி விநாடி ஆனால் 54 டிகிரி. தணிப்பு ஏறத்தாழ நாற்பது சதவீதம் குறைந்துவிடும். ஆனால் அதே 200 மில்லி விநாடி, 1 ஹெர்ட்ஸ் உள்ளூர் அலைவுக்கு 72 டிகிரி. 250 மில்லி விநாடியில் 90 டிகிரியை எட்டும்போது தணிப்பு ஒன்றுமே இராது; அதைத் தாண்டினால் கட்டுப்பாடே அலைவை வளர்க்கும். மண்டல அலைவுக்கு நன்மை செய்யும் ஒரு கட்டுப்பாடு, அதே நேரத்தில் அருகிலுள்ள ஒரு யூனிட்டின் உள்ளூர் ஆட்டத்தைக் கிளப்பிவிடுவது இவ்வாறுதான். அதனால்தான் தொலைவிலிருந்து சிக்னல் பெறும் கட்டுப்பாட்டின் முன் ஒரு பட்டை வடிப்பானை வைத்து, தேவையான அதிர்வெண்ணுக்கு மேலே உள்ளதை வெட்டிவிட வேண்டும். அந்த வடிப்பானும் தன் பங்குக்குக் கோணத்தைத் திருப்பும் என்பதால், அதையும் கணக்கில் சேர்த்தே பின்தங்கலை ஈடுகட்டும் முன்னேற்றக் கோணத்தை அமைக்க வேண்டும்.

தாமதத்தை அளக்க உத்தேசம் தேவையில்லை. ஒவ்வொரு பி.எம்.யு. அளவீட்டிலும் எடுக்கப்பட்ட நேரம் பதிந்திருக்கிறது. கட்டளை வெளியேறும் நேரத்தோடு கழித்துப் பார்த்தால் போதும். சராசரியைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். சராசரி 120 மில்லி விநாடி என்று காட்டும் ஒரு வழித்தடத்தில் இடையிடையே அரை விநாடித் தாமதங்கள் ஒளிந்திருக்கக் கூடும், குறிப்பாக ஃபைபர் பாதை மாறும்போது. எல்லா நிலையங்களின் தரவும் வரட்டும் என்று காத்திருக்கும் தொகுப்பிக் கருவியின் காத்திருப்பு நேரமும் இதில் சேரும். தேவையற்ற ஒரு மெதுவான பி.எம்.யு. அந்தப் பட்டியலில் இருந்தால், அது மற்ற அனைத்தையும் பிடித்து வைக்கும். தணிப்புக்குத் தேவையான இரண்டு மூன்று சிக்னல்களுக்குத் தனித் தொகுப்பி வைப்பது செலவு பிடித்தாலும் பயனுள்ளது என்பது என் கருத்து. அளக்கப்பட்ட தாமதம் ஓர் எல்லையைக் கடந்தால் பெருக்கம் படிப்படியாகச் சுழியத்துக்கு இறங்கும் ஏற்பாடும் கட்டாயம் இருக்க வேண்டும்.

அறிகுறி: தொகுப்பு அமைதியாக இருக்கும்போதே கட்டுப்பாட்டின் வெளியீடு துள்ளுகிறது

அளவி (சென்சார்) பழுது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. துள்ளலின் வடிவத்தைப் பார்த்தே வகையைச் சொல்லிவிடலாம்.

கோண உள்ளீடு சரியாக 360 டிகிரி தாவியிருந்தால், +180 இலிருந்து −180க்கு மடிந்திருக்கிறது. மென்பொருளில் மடிப்பை நீக்கும் வரி விடுபட்டிருக்கிறது. அதிர்வெண் உள்ளீடு 50 இலிருந்து சுழியத்துக்கு விழுந்து திரும்பியிருந்தால், வராமல் போன அளவீட்டுக்குப் பதிலாக யாரோ சுழியத்தை நிரப்பியிருக்கிறார்கள். கட்டுப்பாட்டில் உள்ள வாஷ்அவுட் வடிப்பான் நிலையான மதிப்புகளை மறந்துவிடுமே தவிர, திடீர்த் தாவலை அப்படியே கடத்தும். அதன் நேர மாறிலி 10 விநாடி என்றால், நிலைத்துவிட்ட ஒரு தாவலின் பாதிப்பு பத்தாம் விநாடியிலும் 37 சதவீதம் மிச்சமிருக்கும். முப்பதாவது விநாடியில்தான் 5 சதவீதத்துக்கு வரும். அதற்குள் 0.3 ஹெர்ட்ஸ் அலைவு ஒன்பது சுற்று முடித்திருக்கும்.

கோணம் மெல்ல மெல்ல ஒரு பக்கமாகச் சரிந்து, பிறகு ஒரே துள்ளலில் பழைய இடத்துக்கு வந்தால், ஜி.பி.எஸ். நேரம் கைவிட்டுப்போய் மீண்டும் கிடைத்திருக்கிறது. 50 ஹெர்ட்ஸில் ஒரு மைக்ரோ விநாடிப் பிழை 0.018 டிகிரி, ஏறத்தாழ 32 மைக்ரோ விநாடி ஆகும்போதே பி.எம்.யு. தரநிலை அனுமதிக்கும் ஒரு சதவீத மொத்தப் பிழையைத் தொட்டுவிடும். எண்ணூர், மணலி போலக் கடற்காற்று நேரே அடிக்கும் இடங்களில், கட்டடத்தின் கூரையில் உள்ள ஆன்டெனாவை முதலில் பாருங்கள். கேபிள் நுழையும் கனெக்டரின் மேலே சுற்றிய டேப்பைப் பிரித்தால், உள்ளே பித்தளை பச்சை பூத்திருப்பதும் நடு ஊசியின் அடியில் உப்பு வெண்மையாகப் படிந்திருப்பதும் தெரியலாம். வெயில் காலத்தில் அது எப்படியோ ஓடும்; ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏறியதும் சிக்னல் விட்டு விட்டு வரும். கனெக்டரைத் துடைத்து மாட்டுவதோடு நிற்காமல் புதிதாக வெட்டிப் பொருத்தி, நீர் புகாத உறை சுற்றி, கேபிளைக் கீழ்நோக்கி வளைத்துவிட்டு மேலேற்றுங்கள். வழியும் நீர் கனெக்டருக்குப் போகாமல் வளைவிலேயே சொட்டிவிடும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் இந்தக் கூரை வேலையை முடித்துவிடுவது நல்லது.

மிக ஆபத்தானது துள்ளாத பழுது. அளவீடு கடைசி மதிப்பில் உறைந்துபோய், தர அடையாளங்கள் எல்லாம் சரி என்று காட்டிக்கொண்டிருக்கும். வாஷ்அவுட்டின் தயவால் வெளியீடு சுழியமாகிவிடுவதால் தீங்கு எதுவும் நடப்பதில்லை, தணிப்பு மட்டும் சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும். உயிருள்ள அளவீடு கடைசி இலக்கம் வரை ஒருபோதும் அசையாமல் நிற்காது. அடுத்தடுத்த 25 அளவீடுகள் ஒரே எண்ணாக வந்தால் அந்தச் சிக்னலைச் செத்ததாகக் கொண்டு மாற்றுச் சிக்னலுக்குப் போகுமாறு ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ஒரு செயற்கருவி விலகியதும் அலைவு தலைகாட்டுகிறது

ஸ்டாட்காம் பராமரிப்பில் இருக்கிறது, அல்லது எச்.வி.டி.சி.யின் ஒரு போல் (இணைப்பின் இரு பாதிகளுள் ஒன்று) டிரிப் ஆகியிருக்கிறது. அதுவரை அடங்கியிருந்த அலைவு வெளிவருகிறது. வடிவமைப்பின் கோளாறு தாங்கும் திறன் உண்மையில் சோதிக்கப்படும் இடம் இதுதான்.

இரண்டு வழிகள் உண்டு. எந்த ஒரு கருவி போனாலும் மிச்சமுள்ளவை குறைந்தபட்சத் தணிப்பைத் தருமாறு, எல்லாப் பழுது நிலைகளையும் முன்கூட்டியே கணக்கில் கொண்டு ஒரே நிலையான கட்டுப்பாட்டை அமைப்பது ஒன்று. பழுதைக் கண்டுபிடித்து, அந்த நிலைக்கென்று வைத்திருக்கும் வேறொரு கட்டுப்பாட்டுக்கு மாறுவது மற்றொன்று. முதல் வழியில், பழுதே இல்லாத சாதாரண நாட்களில் கிடைக்கும் தணிப்பு கொஞ்சம் குறையும். அது நிரந்தரமாகக் கட்டும் வாடகை. இரண்டாவதில் பழுதைச் சரியாகவும் விரைவாகவும் கண்டுபிடிக்க வேண்டும். அளவிகளுக்கு இரண்டாவது வழியையும் செயற்கருவிகளுக்கு முதல் வழியையுமே நான் பரிந்துரைப்பேன். அளவி போனதைத் தர அடையாளமும் உறைவுச் சோதனையும் ஒரு விநாடிக்குள் சொல்லிவிடும். செயற்கருவி கட்டளைக்குப் பணியவில்லை என்பதை உறுதிசெய்யவோ அலைவின் சில சுற்றுகளாவது தேவை. வளரும் அலைவில் அந்தச் சில சுற்றுகள் நம்மிடம் இருப்பதில்லை.

களத்தில் பார்க்க வேண்டியது முதலில் கட்டளைக்கும் பதிலுக்கும் உள்ள ஒப்பீடு. பிரேக்கரின் துணைத் தொடர்பு “இணைந்திருக்கிறது” என்று சொல்வதால் ஸ்டாட்காம் தணிப்பு வேலை செய்கிறது என்று பொருளில்லை; அது மேனுவலில், நிலையான வினைத்திறன் (ரியாக்டிவ் பவர்) முறையில் விடப்பட்டிருக்கலாம். அதன் மின்னோட்டத்தைப் பதிவு செய்து, அனுப்பிய கட்டளையோடு ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து பாருங்கள். கட்டளை ஆடுகிறது, மின்னோட்டம் ஆடவில்லை என்றால் விடை கிடைத்துவிட்டது.

இரண்டாவது, இடம் மிச்சமிருக்கிறதா என்பது. கருவி ஏற்கனவே மின்னழுத்தத்தைத் தாங்குவதற்காகத் தன் எல்லையில் நின்றுகொண்டிருந்தால், தணிப்புக் கட்டளையின் ஒரு பாதி வெட்டப்படும். ராய்கர்–புகளூர் ±800 கிலோவோல்ட் இணைப்பின் முழுத் திறன் 6000 மெகாவாட். இத்தகைய பெரிய இணைப்பு ஒன்று முழுத் திறனில் ஓடும்போது மேல்நோக்கி அசைய இடம் கொஞ்சமே இருக்கும், குறைந்தபட்ச எல்லையில் ஓடும்போது கீழ்நோக்கி இராது. ஒரு போல் போனதும் மிச்சமுள்ள போல் தன் பளுவையே தாங்கப் போராடும் நேரத்தில், அதனிடமே தணிப்பையும் கூடுதலாகக் கேட்பது வடிவமைப்புப் பிழை. தணிப்புக்கென்று ஒரு சிறு பங்கை ஒதுக்கி வைத்திருக்கிறார்களா என்று அமைப்புத் தாளில் பாருங்கள். வெட்டப்பட்ட வெளியீடு எல்லையைவிட்டு மீள நேரமெடுத்தால், உள்ளே இருக்கும் இன்டக்ரேட்டர் நிரம்பி வழிகிறது. அதை நிறுத்தும் தர்க்கம் இல்லை என்று பொருள்.

அறிகுறி: முதன்மைச் சிக்னலுக்கும் மாற்றுச் சிக்னலுக்கும் இடையே கட்டுப்பாடு தாவிக்கொண்டே இருக்கிறது

வெளியேறும் எல்லையும் திரும்பும் எல்லையும் ஒன்றாக வைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டையும் பிரியுங்கள், திரும்புவதற்கு முன் முதன்மைச் சிக்னல் அலைவின் மூன்று சுற்று நேரமாவது தொடர்ந்து நலமாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். மாறும் கணத்தில் குதிப்பு தெரிந்தால், காத்திருக்கும் கட்டுப்பாடு உறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அதுவும் உள்ளீட்டைப் பெற்றுத் தன் உள்நிலைகளைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அறிகுறி: பெருக்கத்தை ஏற்றிய பிறகு புதிதாக வேகமான நடுக்கம் வந்திருக்கிறது

ஏற்றியதை இறக்குங்கள். தண்டின் முறுக்கு அதிர்வா, ஜெனரேட்டரின் காந்தப்புலத்துக்கு மின்னோட்டம் தரும் எக்ஸைட்டரோடு சேர்ந்த கட்டுப்பாட்டு அலைவா என்பதைப் பிறகு பார்க்கலாம். விநாடிக்கு 25 அளவீடு தரும் பி.எம்.யு. 12.5 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை உண்மையாகக் காட்டாது. நிலையத்தின் டிஸ்டர்பன்ஸ் ரெக்கார்டரில் பதிவெடுங்கள்.

அறிகுறி: பழுது நீங்கிவிட்டது, ஆனாலும் ஆண்டின் சில மாதங்களில் மட்டும் தணிப்பு மெலிகிறது

தமிழ்நாட்டுக்கே உரிய அறிகுறி என்று இதைச் சொல்லலாம். ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல், பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதிகளில் காற்றாலை உற்பத்தி ஏறும்போது, தெற்கிலிருந்து சென்னையை நோக்கிப் பாயும் மெகாவாட் கூடுகிறது. நீண்ட தடங்களில் பளு ஏறினால் தணிப்பு இயல்பாகவே குறையும். அதோடு, அதே நாட்களில் அனல் யூனிட்டுகள் சுமை குறைக்கப்பட்டோ நிறுத்தப்பட்டோ வைக்கப்படுகின்றன. யூனிட் நிற்கும்போது அதன் பி.எஸ்.எஸ். அமைப்பும் தொகுப்பைவிட்டுப் போய்விடுகிறது. சுமை குறைக்கப்பட்ட யூனிட்டிலோ, முன்பு சொன்ன மெகாவாட் எல்லைக்குக் கீழே அது உறங்கக் கூடும். ஒவ்வொரு கருவியும் நலமாக இருந்தும் தணிப்பு மட்டும் இல்லாமல் போவதற்கு இதுவே காரணம். எந்தப் பலகையிலும் எச்சரிக்கை விளக்கு எரியாது.

சோதனையை அந்த மாதங்களிலேயே செய்ய வேண்டும். பங்குனியில் எடுத்த அளவீடு ஆடிக்குச் சான்றாகாது. லோட் டெஸ்பாட்ச் சென்டரின் அனுமதியோடு, தடங்களில் பளு கூடுதலாக உள்ள நேரத்தில், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு யூனிட்டின் ஏ.வி.ஆர். குறிப்பு மதிப்பில் ஒன்று அல்லது இரண்டு சதவீதப் படி மாற்றம் கொடுத்து, பி.எஸ்.எஸ். இணைந்த நிலையிலும் விலகிய நிலையிலும் உள்ளூர் அலைவின் அடங்கலைப் பதிவு செய்து, முகடுகளின் விகிதத்தை மேலே சொன்ன கணக்கில் போட்டுப் பாருங்கள். மண்டல அலைவு இந்தச் சிறு தட்டலுக்கு அவ்வளவாக அசையாது. அதற்குத் தடம் டிரிப் ஆன சமயங்களின் பி.எம்.யு. பதிவுகளைத் தேதி வாரியாகச் சேர்த்து ஒப்பிடுவதே வழி. கிடைக்கும் விடைகளைக் கொண்டு, எந்த யூனிட் எந்த அலைவை அடக்குகிறது என்ற பட்டியலைத் தயாரித்து, யூனிட்டுகளை நிறுத்தும் வரிசையைத் தீர்மானிக்கும் மேசையில் கொடுத்துவிடுங்கள். மண்டல அலைவுக்குப் பெரும்பங்கு தணிப்புத் தரும் இரண்டு யூனிட்டுகளை ஒரே இரவில் நிறுத்தும் உத்தரவு வரும்போது, அந்தப் பட்டியலைக் காட்டி ஒன்றையாவது ஓட விடுமாறு கேட்கலாம்.